மலையகக் குளிரில் களப்பு மீன்களை வீட்டுத் தொட்டியில் வளர்க்க முடியுமா?

முடியும். களப்பு என்றால் கடலோர உவர்நீர்ப் பரப்பு. அந்த மீன்களை ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட லயத்து வீட்டில் (தொழிலாளர் வரிசை வீடு) நான் வளர்க்கிறேன். ஆனால் பீலித் தண்ணீரில் சமையல் உப்பைக் கரைத்துத் தொடங்கலாம் என்று நினைத்திருந்தால் தயவுசெய்து வேண்டாம். அப்படிச் செய்துதான் ஆறு மீன்களைச் சாகவிட்டேன்.

நீர்கொழும்பில் வேலை செய்யும் தம்பி, அங்குள்ள களப்பில் பிடித்த ஆரஞ்சு குரோமைட் ஆறு கொண்டுவந்தான். விரல் நீளம்கூட இல்லாத மஞ்சள் மீன்கள். பத்து நாளில் ஒன்றும் மிஞ்சவில்லை. நம் மலைத் தண்ணீர் மென்னீர், அதாவது கல்சியம், மக்னீசியம் குறைந்த தண்ணீர். களப்பு மீனுக்கு அவை நிறைந்த கடின நீர் வேண்டும், பிஎச் (அமில-கார அளவு) 7.5க்கு மேல் நிற்க வேண்டும். சமையல் உப்பு உவர்ப்பை மட்டும்தான் தரும், கல்சியம், மக்னீசியம் தராது. விடியற்காலையில் தொட்டி 17 பாகைக்கு இறங்கியதையும் நான் கவனிக்கவில்லை.

இரண்டாம் முறை கடல்மீன் தொட்டிக்கான உப்பை வாங்கி, லிட்டருக்கு 8 கிராம் அளவில் வாளியில் கரைத்து ஊற்றினேன். தண்ணீரின் அடர்த்தியை வைத்து உப்பளவைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் 1.005 காட்டியது. அடியில் சிப்பி ஓட்டுத் தூள், 26 பாகையில் ஹீட்டர். ஒரு மாதம் பில்டரை ஓடவிட்ட பிறகே மீன் விட்டேன். ஆவியாகிக் குறைந்தால் வெறும் தண்ணீரையே சேருங்கள், உப்பு தொட்டியிலேயே இருக்கும்.

இந்த மீன் நன்னீரிலும் வாழுமே என்று சிலர் சொல்வார்கள். வாழும்தான். என் மீன்கள் களப்பிலிருந்து வந்தவை, அவற்றுக்குப் பழகிய தண்ணீரைக் கொடுக்கிறேன், அவ்வளவுதான்.

2022இல் மணிக்கணக்கில் மின்சாரம் போனபோது சுடுதண்ணீர் போத்தல்களைத் தொட்டிக்குள் மிதக்கவிட்டு, கம்பளியால் சுற்றி வைத்துக் காப்பாற்றினோம். இதையும் சொல்ல வேண்டும்: எங்கள் வீட்டுக்குத் தனி மீட்டர் எடுக்கத் தோட்ட அலுவலகக் கடிதம் ஒன்றுக்காக அப்பா எட்டு மாதம் நடந்தார். மூன்று தலைமுறையாக இருக்கும் வீட்டில் ஒரு விளக்குக்குக்கூட இன்னொருவர் கையெழுத்து வேண்டியிருக்கிறது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, மீனுக்கு வருகிறேன். போன மாதம் ஒரு சோடி கல்லில் முட்டையிட்டது. தாயும் தகப்பனும் மாறி மாறிச் செட்டையால் விசிறிக் காத்தன. இப்போது குஞ்சுகள் அவற்றின் உடம்பில் ஊறும் வழுவழுப்பைக் கொத்தித் தின்கின்றன. ஹட்டன் பக்கம் என்றால் கேளுங்கள், நாலைந்து குஞ்சு தருகிறேன். முதலில் தொட்டி ஒரு மாதம் ஓடட்டும்.