செயற்கைப் புல்லுல நாய் மூத்திர வாடை போகவே மாட்டேங்குது, எப்படி கிளீன் பண்றது?

தினமும் தண்ணி அடிச்சும் வாடை போகலைன்னு கேட்டிருக்கீங்க. நிஜப் புல்லுன்னா மண்ணு உறிஞ்சிக்கும், இது பிளாஸ்டிக், அடியில இருக்கிற குட்டி குட்டி ஓட்டை வழியா இறங்கினாத்தான் உண்டு, அதை காஞ்ச இலையும் நாய் முடியும் அடைச்சிடுச்சுன்னா மூத்திரம் அங்கேயே தங்கி வெயில்ல காஞ்சு நாற ஆரம்பிச்சிடும். அதனால முதல்ல குப்பையை வாரி எடுங்க, அப்புறம்தான் தண்ணி. வினிகரும் தண்ணியும் சரிபாதி கலந்து தெளிச்சு, 10 நிமிஷம் விட்டு ஹோஸ் வெச்சு நல்லா அலசுங்க. பிளீச்சிங் பவுடர், கம்பி பிரஷ் ரெண்டும் வேண்டவே வேண்டாம், ப்ளீஸ்.

மிதிச்சு மிதிச்சு படுத்துப்போன இடத்தை நைலான் பிரஷ்ஷால, புல் சாஞ்சிருக்கிற திசைக்கு எதிரா தேச்சு விடுங்க. அப்படியே இழையை விரல்ல விலக்கிப் பாருங்க, நடுவுல மணல் போட்டிருந்தா அதுதான் இழையை நிமிர்த்தி வைக்குது, குறைஞ்சிருந்தா திரும்ப தூவணும்.

இன்னொண்ணு, ஜன்னல் கண்ணாடியில பட்டு திரும்புற வெயில் ஒரே இடத்துல விழுந்தா இழை உருகிடும். எங்க வீட்டுல கையகல இடம் அப்படித்தான் சுருண்டு கட்டியாயிடுச்சு, கிளீன் பண்ணி எல்லாம் சரியாகாது, அந்தத் துண்டை வெட்டி எடுத்துட்டு வேற ஒட்டினோம்.