போப்பின் சுவாவ் படை: கேட்டதும் சொன்னதும்

கே: சுவாவ்கள் என்றால் வத்திக்கான் வாசலில் நிற்கும் சுவிஸ் காவலர்கள்தானே?

ப: அல்ல. சுவிஸ் காவலர்கள் 1506 முதல் இருக்கிறார்கள். இவர்கள் 1860-இல், திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதரின் ஆட்சிப்பகுதி இத்தாலியின் கைக்குப் போய்க்கொண்டிருந்தபோது அதைக் காக்க வந்த கத்தோலிக்கத் தொண்டர்கள்.

கே: பெயர் எப்படி வந்தது?

ப: அல்ஜீரியாவின் ஸ்வாவா குடிகளின் பெயர். அங்கே பிரெஞ்சு சுவாவ்களை நடத்திய லாமோரிசியேர்தான் பிறகு திருத்தந்தையின் படைத்தளபதி ஆனார். சிவப்புக் காற்சட்டைப் படம் கிடைத்தால் அது பிரெஞ்சு அரசின் படை. நம்மவர்களுக்குச் சாம்பல் நிறம்.

கே: எல்லோரும் பிரெஞ்சுக்காரர்களா?

ப: இல்லை. நெதர்லாந்துக்காரர்களே அதிகம்.

கே: ரோமுக்காகத் துப்பாக்கி தூக்கியவர்களுக்குப் பிரெஞ்சு தேசப்பற்று ஏது?

ப: இதற்குத்தான் காத்திருந்தேன். 1870 செப்டம்பர் 19-இல் ஜெர்மானியர்கள் பாரிஸை வளைத்தார்கள். மறுநாள் ரோம் விழுந்தது. பிரெஞ்சு சுவாவ்கள் ஊர் திரும்பினார்கள். அவர்களின் தலைவர் ஷாரெத். அவருடைய பாட்டனாரின் உடன்பிறந்தவர் மேற்கு பிரான்ஸின் வாந்தேயில் குடியரசை எதிர்த்துப் போரிட்டு 1796-இல் சுட்டுக்கொல்லப்பட்டவர். பேரனோ 'மேற்குத் தொண்டர் படை' என்ற பெயரில் அதே குடியரசின் போரில் இறங்கினார்!

டிசம்பர் 2, பிரான்ஸின் லுவாஞி கிராமம். உறைந்த வயலில் சுமார் முந்நூறு சுவாவ்கள் பாய்ந்தார்கள். முன்னே கன்னியர் மடத்தில் தைத்த வெண்கொடி, அதில் திரு இருதயம். ஏந்தியவர் விழுந்தார், புய்யே என்பவர் எடுத்தார். அவரும் விழ, அவர் மகன் எடுத்தார். மகனும் எழவில்லை. கொடியில் இருந்த வாசகம்: 'இயேசுவின் இருதயமே, பிரான்ஸைக் காப்பாற்றும்.' ரோமை என்று எழுதவில்லை, கவனியுங்கள்.

கே: மூவண்ணக் கொடி எங்கே? அது பிரான்ஸின் கொடியே அல்லவே!

ப: சரியான அடி. 1871-இல் பிரெஞ்சு அரியணைக்கு உரிமை கோரிய ஷாம்போர் பிரபு மூவண்ணத்தை ஏற்க மறுத்து அரியணையையே கைநழுவ விட்டார். ஷாரெத்தும் தன் படையை அரசின் படையோடு இணைக்கச் சம்மதிக்கவில்லை. அந்த ஆகஸ்டில் படை கலைந்தது. அவர்கள் காத்தது திருமுழுக்குப் பெற்ற பிரான்ஸை. 1789 புரட்சிக்குப் பிந்தைய பிரான்ஸ் அவர்களுக்கு வாடகை வீடு.

கே: வாடகை வீட்டுக்காக யாராவது சாவார்களா?

ப: செத்தார்களே! வீட்டுக்குள் இருந்தது அவர்கள் தாய். தாய்க்கு என்ன பெயர் என்பதில்தான் குடியரசுக்காரர்களோடு அவர்களுக்குச் சண்டை.

கே: லிங்கன் கொலை வழக்கில் தேடப்பட்டவர் இதில் இருந்தாராமே?

ப: ஜான் சுராட். வேறு பெயரில் சேர்ந்திருந்தார்.

கே: லுவாஞியில் சுவிஸ் காவலர்கள் எத்தனை பேர்?

ப: முதல் பதில்.

கே: சிவப்புக் காற்சட்டையில் ஒரு சுவாவ் படம் வைத்திருக்கிறேன்...

ப: இரண்டாம் பதில்.