விமான சிமுலேட்டரில் ஃபுல் த்ராட்டில் கொடுத்தும் வேகம் குறைந்துகொண்டே போகிறதே, எதைச் சரிபார்ப்பது?

மே மாத லீவுக்கு வந்திருந்த என் அக்கா மகனும் இதையேதான் கேட்டான். திருநகரில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து, செஸ்னா 172 என்கிற ஒற்றை என்ஜின் சின்ன விமானத்தில் மதுரையிலிருந்து கொடைக்கானல் பக்கம் ஏறிக்கொண்டிருந்தான். "மாமா, ஃபுல் த்ராட்டில்லதான் இருக்கு. ஆனா 90, 80, 70-னு இறங்கிக்கிட்டே இருக்கு" என்றான். எட்டிப் பார்ப்பதற்குள் ஸ்டால் எச்சரிக்கை (வேகம் போதாமல் இறக்கை தூக்கும் சக்தியை இழக்கப் போகிறது என்ற அலாரம்) கத்த ஆரம்பித்துவிட்டது.

உயரம் 6,000 அடி. ஆட்டோபைலட்டில் நிமிடத்துக்கு 700 அடி ஏறச் சொல்லியிருந்தான். கோளாறு அதில்தான் இருந்தது. உங்களுக்கும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

செஸ்னா 172-எஸ் ரகத்துக்கு 180 குதிரைத்திறன் என்ஜின். கடல் மட்டத்தில், முழு எடையோடு, குளிர்ந்த காற்றில், 74 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் அதனால் நிமிடத்துக்கு 730 அடி ஏற முடியும். அதுதான் அதன் உச்சம். மேலே போகப் போகக் காற்று மெலியும், என்ஜின் சக்தியும் குறையும். இதில் நம்ம ஊர் வெயிலும் சேர்ந்துகொள்ளும். மதுரை விமான நிலையம் 459 அடி உயரத்தில் இருக்கிறது. ஆனால் 40 டிகிரி வெயிலில் அங்கே காற்று எவ்வளவு லேசாகிறது என்றால், விமானத்துக்கு அந்த ஓடுதளமே ஏறக்குறைய 3,500 அடி உயரத்தில் இருப்பது மாதிரி. அன்றைய நிஜ வானிலையை இறக்கிப் பறந்தால் சிமுலேட்டர் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

ஆட்டோபைலட்டுக்கு இதெல்லாம் தெரியாது. 700 கேட்டால் 700 கொடுக்கப் பார்க்கும். சக்தி போதாதபோது மூக்கை இன்னும் தூக்கும். தூக்கத் தூக்க வேகம் செத்துக்கொண்டே வரும். காட் ரோட்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் பஸ்ஸில் டிரைவர் கியரைக் குறைத்துக்குறைத்துப் போவார் இல்லையா? செஸ்னாவில் அப்படிக் குறைக்க கியர் கிடையாது. மூக்கை இறக்கி, நிதானமாக ஏறுவது ஒன்றே வழி. ஜி1000 என்ற டிஜிட்டல் திரை உள்ள விமானமென்றால், ஆட்டோபைலட்டில் ஏறும் வேகத்தைப் பிடிக்கும் விஎஸ் முறையை விட்டுவிட்டு எஃப்எல்சி முறையைப் போடுங்கள். அது வேகத்தைப் பிடித்துக்கொண்டு, ஏற முடிந்த அளவு மட்டும் ஏறும். 80 நாட் வைத்து ஏறச் சொன்னேன். வத்தலக்குண்டுக்கு மேலே இரண்டு வட்டம் அடித்து உயரம் எடுத்த பிறகு மலைக்குள் போனான்.

சரி, ஏறும்போது மட்டும் இல்லை, நேராகப் பறக்கும்போதும் வேகம் குறைகிறது என்றால்? அப்போது ஒரு சின்னப் பரிசோதனை செய்யுங்கள். ஆட்டோபைலட்டை எடுத்துவிட்டு 3,000 அடியில் மட்டமாகப் பறங்கள். ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் மடல்) முழுக்க மேலே, த்ராட்டில் முழுக்க உள்ளே. இரண்டு நிமிடம் பொறுத்தால் வேகம் 120 நாட் பக்கம் வந்து நிற்க வேண்டும். வரவில்லையா, என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். 2,300-க்கு மேலே இருந்தும் விமானம் ஓடவில்லை என்றால் ஏதோ ஒன்று பின்னால் இழுக்கிறது: ஃபிளாப் இறங்கியிருக்கலாம், இறக்கையில் பனி படிந்திருக்கலாம். பெரிய ஜெட்டாக இருந்தால் சக்கரம், ஸ்பாய்லர் (இறக்கைமேல் எழுந்து வேகத்தைக் குறைக்கும் தகடு) இரண்டையும் பாருங்கள். 2,300-க்கும் கீழே என்றால் என்ஜினுக்குச் சக்தி வரவில்லை. உயரத்தில் மிக்ஸ்சரை (காற்றோடு கலக்கும் பெட்ரோலின் அளவை) குறைக்காமல் விட்டால் பெட்ரோல் அதிகமாகி என்ஜின் திணறும். 3,000 அடி தாண்டியதும் சிவப்புக் குமிழை மெல்ல இழுத்து, ஆர்பிஎம் உச்சம் தொடும் இடத்தில் நிறுத்துங்கள்.

மறுநாள் அவனுக்கு இந்த இரண்டாவது பிரச்சினையும் வந்தது. மட்டமாகப் பறக்கும்போதே 118-லிருந்து 95-க்கு விழுகிறது, திரும்பத் தானாகவே ஏறுகிறது. "மாமா, நான் எதையும் தொடலையே!" என்றான். நிஜமாகவே தொடவில்லை. கேமராவைக் கிட்டே கொண்டுபோய் பேனலில் இருந்த கறுப்புத் த்ராட்டில் குமிழையே இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கை எடுத்த பிறகும் அது நடுங்கியது. நடுவில் ஒரு விரற்கடை வெளியே வரும், ஒரு நொடி நிற்கும், பிறகு உள்ளே போய்விடும்.

அது டவுன் ஹால் ரோட்டில் நான் பழசாக வாங்கிய ஜாய்ஸ்டிக். அடியில் இருந்த நான்கு திருகுகளைக் கழற்றினால், த்ராட்டில் நெம்புகோலுக்குக் கீழே நெம்புகோல் எங்கே நிற்கிறது என்று கணினிக்குச் சொல்லும் ஒரு சின்னப் பொட்டென்ஷியோமீட்டர், அதைச் சுற்றிப் பஞ்சு பஞ்சாகத் தூசி. கான்டாக்ட் கிளீனர் இரண்டு முறை அடித்து, நெம்புகோலை இருபது தடவை மேலும் கீழும் ஆட்டிவிட்டுப் பூட்டினோம். குமிழ் நடுக்கம் நின்றது. உங்களிடம் ஜாய்ஸ்டிக்கோடு கேம்பேடும் செருகியிருந்தால், இரண்டுக்குமே த்ராட்டில் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் கண்ட்ரோல் செட்டிங்ஸில் பாருங்கள். ஒன்று ஏற்ற, இன்னொன்று இறக்கும்.

ஏர்பஸ் ஏ320 ஓட்டுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. மேலெழும்பியதும் த்ரஸ்ட் நெம்புகோல்களை சிஎல் (ஏறுவதற்கான நிலை) என்று குறித்த பள்ளத்துக்குக் கொண்டுவர வேண்டும். என்ஜின் சக்தியைத் தானாகவே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ த்ரஸ்ட், நெம்புகோல் இருக்கும் இடத்துக்கு மேலே சக்தி எடுக்காது. வீட்டு நெம்புகோல் சரியாக அளவு பிடிக்காமல் சிஎல்லுக்குக் கொஞ்சம் கீழே நின்றால், வேகம் பிடிபடாமல் நழுவிக்கொண்டே இருக்கும்.

மேகத்துக்குள் போனதும் வேகமானி சரிந்தால் பிட்டோ ஹீட்டை, அதாவது வேகமானிக்குக் காற்றழுத்தம் கொடுக்கும் குழாயைச் சூடாக்கும் சுவிட்சைப் போடுங்கள். குழாய் பனியில் அடைத்தால் விமானம் நன்றாகப் பறந்தாலும் முள் பொய் சொல்லும். 2009 ஜூன் 1 அன்று ஏர் பிரான்ஸ் 447 அட்லாண்டிக்கில் விழுந்து 228 பேர் இறந்ததற்குத் தொடக்கமும் இதே பனிதான். முள் சந்தேகமாக இருந்தால் மூக்கை அடிவானத்துக்கு மட்டமாக வைத்து, பழக்கப்பட்ட த்ராட்டில் அளவைக் கொடுத்துப் பறந்துகொண்டிருங்கள்.

அப்புறம், சில சமயம் கோளாறே இருக்காது. ஏ320 35,000 அடியில் மாக் 0.78-இல் (ஒலியின் வேகத்தில் 78 சதவீதம்) போகும்போது, மேலே காற்று மெலிந்திருப்பதால் வேகமானி 265 நாட் பக்கம்தான் காட்டும். நிஜ வேகம் 450 பக்கம் இருக்கும். ஜூன், ஜூலையில் தேனி நோக்கிப் பறந்தால், மேற்கிலிருந்து அடிக்கும் பருவக்காற்று தரைவேகத்தில் இருபது முப்பது நாட்டைத் தின்றுவிடும். ஆண்டிபட்டிப் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்பதே அந்தக் காற்றை நம்பித்தான். எக்ஸ்-பிளேன் என்ற சிமுலேட்டரில், திரையில் படம் மாறுவது நொடிக்கு 20 பிரேமுக்குக் கீழே போனால் விளையாட்டு நேரத்தையே மெதுவாக்கிவிடும். வேகமானி சரியாக இருந்தும் தரை ஊர்கிற மாதிரி தெரிந்தால் கிராஃபிக்ஸைக் குறைத்துப் பாருங்கள்.

இவ்வளவும் பார்த்தும் சரியாகவில்லை என்றால், எந்த விமானம், என்ன உயரம், ஆர்பிஎம் எவ்வளவு, ஆட்டோபைலட் எந்த முறையில் இருந்தது, இந்த நாலையும் கீழே எழுதுங்கள். சாயங்காலம் அதே விமானத்தை நானும் கிளப்பிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.