ஃபார்மட் அடிக்கும் முன்: கணினி கேள்வி பதில்

கேள்வி: லேப்டாப்பை ஆன் செய்தால் லோகோ வருகிறது, புள்ளிகள் வட்டமாகச் சுற்றுகின்றன, 'ப்ரிப்பேரிங் ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' என்கிறது, பிறகு தானே அணைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது சார்ஜ் தீர்ந்து அணைந்ததிலிருந்து இப்படி. ஃபார்மட் அடித்து விண்டோஸ் போட்டால் சரியாகும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். என் முனைவர் பட்ட ஆய்வேடு முழுவதும் அதில்தான் இருக்கிறது, வேறு பிரதி இல்லை. என்ன செய்யட்டும்?

பதில்: ஃபார்மட் வேண்டாம், அது டிஸ்க்கில் இருப்பதை அழித்துவிடும். லேப்டாப் சரியாகும் என்று அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் உங்களுக்கு வேண்டியது லேப்டாப் அல்ல, ஆய்வேடு. இந்த வரிசை மாறிவிடக் கூடாது.

உங்கள் கடிதத்திலேயே ஒரு நல்ல சேதி இருக்கிறது. பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் விழிப்பது விண்டோஸ் அல்ல, மதர்போர்டில் ஒரு சிறு சிப்பில் இருக்கும் பயாஸ். இப்போதைய கணினிகளில் அதற்கு யுஇஎஃப்ஐ என்று பெயர். அது பிராசஸர், ரேம், டிஸ்பிளே எல்லாவற்றையும் சோதித்து, டிஸ்க்கைக் கண்டுபிடித்து, அதிலுள்ள பூட் லோடரிடம், அதாவது விண்டோஸைத் தொடங்கிவைக்கும் சிறு நிரலிடம், வேலையை ஒப்படைக்கும். அப்புறம்தான் விண்டோஸ் வரும். புள்ளிகள் சுற்றுவதால் உங்கள் லேப்டாப் இத்தனையையும் தாண்டி வந்துவிட்டது என்று தெரிகிறது. அப்டேட்டின் நடுவில் அணைந்ததால் விண்டோஸின் கோப்புகள் சில அரைகுறையாக நிற்கின்றன என்பது என் கணிப்பு. ஆய்வேடு அதே டிஸ்க்கில் அப்படியே இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

பூட் ஆகாவிட்டால் கணினியே போய்விட்டது என்று பலர் பதறுகிறார்கள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு தவறான அப்டேட்டால் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. விமான நிலையங்கள்கூடத் தடுமாறின. கோளாறு ஹார்டுவேரில் இல்லை. விண்டோஸை அடிப்படை வசதிகளோடு மட்டும் தொடங்கும் சேஃப் மோடில் நுழைந்து, அந்த அப்டேட்டில் வந்த தவறான கோப்பை அழியுங்கள் என்பதுதான் அன்று சொல்லப்பட்ட வழி.

சரி, முதல் வேலை பிரதி எடுப்பது. விண்டோஸ் இல்லாமலே கணினியை இயக்கும் உபுண்டு லினக்ஸ் என்ற இயங்குதளத்தை, வேறொரு கணினியில் ஒரு பென் டிரைவில் ஏற்றச் சொல்லுங்கள். அந்த பென் டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் காலியானதைக் கொடுங்கள். அதை லேப்டாப்பில் செருகி, ஆன் செய்தவுடன் எஃப்12 அல்லது எஸ்கேப் விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் பூட் மெனு வரும். விசை மாடலுக்கு மாடல் மாறும். பென் டிரைவைத் தேர்ந்தெடுத்ததும் உபுண்டு திறக்கும். இங்கே கவனம்: 'ட்ரை' என்பதைத்தான் சொடுக்க வேண்டும், 'இன்ஸ்டால்' என்பதைத் தொடவே கூடாது. ஃபைல்ஸ் செயலியில் உங்கள் டிஸ்க் தெரியும். 'யூசர்ஸ்' ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் இருப்பதை முழுவதுமாக வெளி ஹார்டு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். ஆய்வேட்டை இரண்டு இடத்தில் வையுங்கள். நகலெடுத்த கோப்பு ஒவ்வொன்றையும் இன்னொரு கணினியில் திறந்து பார்த்த பிறகே அடுத்த வேலை.

டிஸ்க்கைத் திறக்கும்போது பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) கீ கேட்டால் பயப்படாதீர்கள். புதிய லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகியிருக்கும், அதாவது கீ இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கும். அந்த 48 இலக்க ரெக்கவரி கீ பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். ஃபோனிலிருந்து அந்தக் கணக்கில் நுழைந்து எடுத்துக்கொள்ளலாம்.

நகலெடுக்கும்போது டிஸ்க்கிலிருந்து டக் டக்கென்று சத்தம் வந்தாலோ, வேகம் நத்தைபோல் ஆனாலோ அங்கேயே நிறுத்தி அணைத்துவிடுங்கள். அது டிஸ்க் சாகத் தொடங்கியிருப்பதன் அடையாளமாக இருக்கலாம். அந்த நிலையில் டிஸ்க் பிழைகளைத் தேடித் திருத்தும் செக் டிஸ்க்கை ஓட்டினால் மிச்சமிருப்பதும் கெடலாம். டேட்டா ரெக்கவரி தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

ஆய்வேடு கைக்கு வந்துவிட்டதா? இனி மற்றது எளிது. ரிப்பேர் திரையில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய், 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' மூலம் கடைசி அப்டேட்டை நீக்கிப் பாருங்கள். பலிக்காவிட்டால், விண்டோஸை முந்தைய நிலைக்குத் திருப்பும் 'சிஸ்டம் ரீஸ்டோர்'. அதுவும் இல்லையென்றால் 'கீப் மை ஃபைல்ஸ்' தேர்வோடு ரீசெட். இதில் நீங்கள் நிறுவிய மென்பொருள்கள் போய்விடும், சொந்தக் கோப்புகள் தங்கும். ஃபார்மட் என்பது இவையெல்லாம் தோற்ற பிறகு எடுக்க வேண்டிய முடிவு.

கேள்வி: டெஸ்க்டாப்பில் ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, மானிட்டரில் மட்டும் 'நோ சிக்னல்'. மதர்போர்டு போய்விட்டதா?

பதில்: அவசரப்பட்டு மதர்போர்டைக் குறை சொல்ல வேண்டாம், முதல் சந்தேகம் ரேம் மீதுதான். அதற்கும் முன், கிராஃபிக்ஸ் கார்டு தனியாக இருந்தால் மானிட்டர் கேபிள் அந்தக் கார்டில்தான் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, ரேமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, இரு பக்கமும் க்ளிக் என்று சத்தம் வரும்வரை அழுத்திப் பொருத்துங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாக, ஸ்லாட் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். புதிய மதர்போர்டுகள் பலவற்றில் சிபியு, டிராம் (ரேம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் என்று நான்கு குட்டி விளக்குகள் இருக்கும். எது எரிந்தபடி நிற்கிறதோ அங்கேதான் சிக்கல். கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள், கேபிளைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஆபத்தான மின்சாரம் தேங்கியிருக்கும்.

கேள்வி: பழைய டெஸ்க்டாப். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி பல வருடம் பின்னால் போய்விடுகிறது, எஃப்1 அழுத்து என்கிறது. இப்போது சில நாளாக விண்டோஸுக்குள்ளும் போகவில்லை.

பதில்: மதர்போர்டில் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும். பெரும்பாலும் சிஆர்2032, 3 வோல்ட். அது தீர்ந்துவிட்டது. தேதியோடு பயாஸ் செட்டிங்குகளும் மறந்துபோகும், விண்டோஸ் வராததற்குக் காரணம் அநேகமாக அதுதான். பழையது எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ அப்படியே புதியதைப் பொருத்துங்கள். பிறகு பயாஸுக்குள் போய்த் தேதியைச் சரிசெய்து, பூட் வரிசையில் உங்கள் டிஸ்க் முதலில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியும் நீலத் திரை வந்தால், டிஸ்க்கோடு மதர்போர்டு பேசும் முறையைக் குறிக்கும் சாட்டா மோடைப் பயாஸில் கவனியுங்கள். விண்டோஸ் போட்டபோது ஏஹெச்சிஐ என்று இருந்து, இப்போது ஐடிஇ அல்லது ரெய்டு என்று மாறியிருந்தால் பூட் ஆகாது. மாற்றும் முன் திரையை ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பழைய நிலைக்குத் திரும்ப வேண்டியிருந்தால் உதவும்.