ஒரு நாயும் அதன் நண்பர்களும் பேய் மர்மங்களைத் துப்பறியும் ஸ்கூபி-டூ கார்ட்டூனின் பழைய தொடரில் உங்களுக்கு மறக்க முடியாத எபிசோட் எது?

பலரும் பேய்க் கப்பல் எபிசோடைச் சொல்வார்கள். மூடுபனி, செந்தாடிக் கடற்கொள்ளையன் என்று அதில் எல்லாம் உண்டு, சரிதான். ஆனால் என் ஓட்டு கேப்டன் கட்லருக்குத்தான். 1969 செப்டம்பரில் தொடர் ஆரம்பித்த அடுத்த வாரமே வந்த இரண்டாவது எபிசோட் அது.

ராக்கி பாயின்ட் கடற்கரைப் பக்கம் உல்லாசப் படகுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. பழைய காலத்து டைவர் உடையில், உருண்டைத் தலைக்கவசத்தோடு, மேலெல்லாம் ஒளிரும் கடற்பாசி தொங்க ஓர் உருவம் கடலிலிருந்து ஏறி வருகிறது. கடலில் செத்துப்போன கட்லரின் ஆவியாம்.

இந்தத் தொடரைத் தயாரித்த ஹன்னா-பார்பெரா நிறுவனத்தின் கார்ட்டூன்களில் அசைவு எப்போதும் சிக்கனம்தான். செலவைக் குறைக்க ஒரே நடை, ஒரே ஓட்டத்தைத் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். மற்ற பேய்களில் அது பல்லிளிக்கும். இங்கே அதுவே பலம். நிஜத்தில் அந்த மாதிரி உடையின் எடை 80 கிலோவைத் தாண்டும், காலணியில் ஈயம் இருக்கும். அதைப் போட்டவன் அப்படித்தான், அடிமேல் அடி வைத்து வருவான். ஓடித் துரத்தும் பேயைவிட அவசரமே இல்லாமல் வரும் பேய்க்குத்தான் எனக்குப் பயம்.

அப்புறம் முடிவு. (50 வருடம் தாண்டிய கதைக்கு ஸ்பாய்லர் எச்சரிக்கை எதற்கு?) மாந்திரீகத்தில் இறங்கிவிட்ட கட்லரின் மனைவி, எபனேசர் ஷார்க் என்ற கிழட்டு மாலுமி என்று நம் சந்தேகம் அங்கேயும் இங்கேயும் அலையும். தலைக்கவசத்தைக் கழற்றினால் உள்ளே இருப்பது சாட்சாத் கட்லரேதான். செத்ததாக நாடகமாடிவிட்டு, படகுகளைத் திருடிக் குகையில் பதுக்கியிருக்கிறான். பேய்க் கப்பல் எபிசோடில் கப்பல் கம்பெனி முதலாளி மேக்னஸ் வேறொருவனின் வேஷத்தைப் போட்டார். கட்லரோ தன் ஆவியாகத் தானே நடித்தான். இந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது.

துப்புக் கொடுப்பது அந்த ஒளிரும் பாசிதான். அங்கே கொஞ்சம் காதில் பூச் சுற்றுகிறார்கள். இரவில் கடல் நீலமாக மினுங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அலை அடித்தால் சட்டென்று மின்னி அணைந்துவிடும். பாசியை உடம்பில் சுற்றிக்கொண்டு கரையில் உலாவினால் ஒளிராது, நாற்றம்தான் அடிக்கும்.

எனக்கு உண்மையான எரிச்சல் பின்னணியில் ஓடும் சிரிப்புச் சத்தம். அந்தக் காலத்து வழக்கம், என்ன செய்ய. கட்லர் தண்ணீரிலிருந்து எழும் இடத்தில் மட்டுமாவது ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள்.