முகத்தை மறைத்துக்கொள்ளும் அம்மா

அன்புள்ள ஆசிரியருக்கு,

அம்மாவுக்கு 62 வயது. படமெடுக்கக் கைபேசியைத் தூக்கினாலே கையால் முகத்தை மறைத்துக்கொள்கிறார். “என்னைப் போய் எதுக்கு? குழந்தைகளை எடு” என்பார். வற்புறுத்தி எடுத்தால், படத்தைப் பார்த்து “இது நானா?” என்று முகம் வாடிப்போகிறார். வீட்டில் ஆயிரக்கணக்கில் படங்கள் இருந்தும் அம்மா இருப்பவை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவருக்குத் தெரியாமல் எடுத்து வைத்துக்கொள்வது தவறா?

ச.

அன்புள்ள ச.,

தெரியாமல் எடுக்காதீர்கள். ஒருமுறை தெரிந்துவிட்டால், அப்புறம் நீங்கள் மணி பார்க்கக் கைபேசியை எடுத்தாலும் அவர் விறைத்துக்கொள்வார்.

“இது நானா?” என்று அவர் கேட்பது நியாயம்தான். இத்தனை வருடங்களாக அவர் பார்த்துப் பழகியது கண்ணாடியில் தெரியும் இடவலம் மாறிய முகம். படத்தில் வகிடும், சற்றே தூக்கிய புருவமும், சிரிக்கையில் ஒரு பக்கம் ஏறும் உதடும் இடம் மாறிவிடுகின்றன. 1977இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் பெண்களுக்கு அவர்களுடைய படத்தையே இரண்டு விதமாகவும் காட்டினார்கள். பெரும்பாலான பெண்களுக்குக் கண்ணாடியில் தெரிகிற முகம்தான் பிடித்தது. அவர்களுடைய தோழிகளுக்கோ, இடவலம் மாறாத முகம். “நல்லாத்தானே இருக்கு” என்று நீங்கள் சொல்வதும் பொய்யில்லை, அவர் முகம் வாடுவதும் பொய்யில்லை.

அத்தோடு நாம் மிகக் கிட்டத்தில் போய் எடுக்கிறோம். ஓரடி தூரத்தில் எடுத்தால், ஐந்தடி தூரத்தில் எடுப்பதைவிட மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். ஆகவே இரண்டு எட்டு பின்னால் போங்கள். தலைக்கு மேல் எரியும் விளக்கை அணைத்துவிடுங்கள், அதுதான் கண்ணுக்குக் கீழே குழி விழவைக்கிறது. பக்கவாட்டில் ஜன்னல் வெளிச்சம் போதும்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்று உண்டு. என் அம்மாவும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்தான். ஒருநாள் ஜன்னலோரம் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். நுனியை உதட்டில் ஈரப்படுத்தி, ஊசியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார். “எடுக்கட்டுமாம்மா?” என்றேன். “முகம் வேண்டாம்.” கைகளை மட்டும் எடுத்து அவரிடமே கொடுத்தேன். இரண்டு விரலால் பெரிதாக்கி, கட்டைவிரல் நகத்தில் ஓடும் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “எங்கம்மா நகம் அப்படியே” என்றார்.

சில வாரம் கழித்து முகத்தையும் எடுக்க விட்டார். பிடிக்காததை அவரே அழிக்கலாம் என்று பேச்சு. பன்னிரண்டு எடுத்ததில் பதினொன்றை அழித்தார். அதில் ஒன்று எனக்கு உயிர். அழித்த படங்கள் சில நாட்களுக்குக் கைபேசியின் இன்னொரு மூலையில் கிடக்கும், மீட்டுவிடலாம். நான் மீட்கவில்லை, நீங்களும் மீட்காதீர்கள். அடுத்த முறை அவர் நான்கை வைத்துக்கொண்டார். எந்தப் படத்தை யாருக்கு அனுப்பலாம் என்பதையும் அவரிடம்தான் கேட்கிறேன்.

“சிரிங்க” என்று சொல்லாதீர்கள். பேச்சுக் கொடுங்கள், கையில் வேலை இருக்கட்டும். முதல் சில நாட்கள் படமே எடுக்க வேண்டாம். அம்மா எந்த நேரத்தில், எந்த ஜன்னலோரம் வந்து உட்காருகிறார் என்று மட்டும் பாருங்கள்.