பக்கத்துச் சுவர் விரிசலும் வாங்கப் போகும் மனையும்

வீடு கட்ட ஒரு மனை பார்த்திருக்கிறீர்கள், பக்கத்து வீட்டுச் சுவரில் விரிசல் இருக்கிறதே, முன்பணம் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது கொடுக்காதீர்கள், மண் பரிசோதனை முடிவு கைக்கு வரட்டும். "மண் கெட்டி, கோடையில் கடப்பாரையே இறங்காது" என்று விற்பவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் உறுத்துகிறது. காய்ந்தால் பாறை மாதிரி இறுகி, மழையில் குழைந்து உப்பும் களிமண்ணின் குணமே அது. பக்கத்து வீட்டுச் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி சாய்வாக ஓடும் விரிசலுக்கும் பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கும்.

நீங்களே பார்க்கலாம். மனையில் இரண்டு மூன்று இடங்களில் முழங்கால் ஆழம் தோண்டி, அந்த மண்ணை ஈரமாக்கி உள்ளங்கையில் உருட்டுங்கள். உடையாமல் பென்சிலை விட மெல்லிய திரியாக நீண்டால் களி அதிகம். அப்புறம் ஆய்வகத்தில் வீக்கச் சோதனை கேளுங்கள். 10 கிராம் மண்ணைத் தண்ணீரிலும், இன்னொரு 10 கிராமை மண்ணெண்ணெயிலும் போட்டு 24 மணி நேரம் வைப்பார்கள். மண்ணெண்ணெயில் களி உப்பாது, அதனால் இரண்டு குழாய்களிலும் மண் நிற்கும் உயர வித்தியாசமே கதையைச் சொல்லிவிடும்.

உப்பும் மண் என்று தெரிந்தாலும் மனையைக் கைவிட வேண்டியதில்லை, தூண்களை ஆழமாக இறக்கும் பைல் அஸ்திவாரம் போடலாம், ஆனால் அந்தச் செலவை விலையில் குறைத்துப் பேசுங்கள்.

இன்னும் ஒன்று, தோண்டும்போது செங்கல் துண்டு, பிளாஸ்டிக் வந்தால் அது கொட்டி நிரப்பிய பள்ளம். அங்கே மேல்மண்ணை உருட்டிப் பார்த்துப் பயனில்லை, துளையிட்டு ஆழத்து மண்ணை எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.